பின்னால் ஒருத்தன்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஊருக்கு மேலே, செல்போன் கோபுரம் நிற்கிற குன்றிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு மலை சைக்கிள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சைக்கிள். இரண்டு பக்கமும் தைல மரம். காற்று இல்லை... இலை அசையவில்லை... சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. அந்த மூலையில் இருப்பவர் சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

சைக்கிளில் வந்தவர் நம் லிஃப்ட் மெக்கானிக்கின் மாமா. அக்காள் புருஷன். மெக்கானிக்கை உங்களுக்கெல்லாம் தெரியும். கதை கட்டுகிற ஆள் இல்லை, கதை கேட்கக்கூடப் பொறுமை இல்லாத ஆள். அவன் வாயால் கேட்டதுதான் இது. அவனுக்கு மாமாவே சொன்னாராம், பிறகொரு நாள், தன் கடையின் உள்ளறையில், லென்ஸ் தேய்க்கிற மெஷினை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்கு நடுவே. வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதாம்.

மாமாவுக்குக் கண்ணாடிக் கடை. மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. லென்ஸைத் தேய்ப்பது, பிரேமில் உட்கார வைப்பது, காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று வருபவர்களுக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பது. பகல் முழுக்க ஒரு முழ தூரத்தில் அடுத்தவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. ராத்திரி கடையைச் சாத்தினால் மனித முகமே இல்லாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பார். அதற்காகத்தான் சைக்கிள். தொந்தி விழுந்த மனிதர், முழங்காலில் பட்டை, தலையில் விளக்கு வைத்த ஹெல்மெட்... தெருநாய் கூட ஒரு நிமிஷம் குலைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

முன்பெல்லாம் தனியாகப் போனதில்லை. மச்சினன் கூட வருவான். நம் மெக்கானிக்தான். அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். கல்யாணமாகி வரும்போதே தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவனே தம்பி, அவனே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்கு விழித்தது, முதல் சம்பளத்தில் புடவை வாங்கிக்கொண்டது எல்லாம் அவள்தான்.

மாமாவும் மச்சினனும் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது கோபுரம் வரை ஏறி இறங்குவார்கள். மாமா முன்னால், மச்சினன் பின்னால். அவனுடைய சைக்கிளில் ஒரு விசேஷம். மிதிக்காமல் இறங்கும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து டிக்டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம் வரும். எல்லா சைக்கிளிலும் வரும்தான். ஆனால் இவனுடையது ஊரைக் கூட்டும். வேண்டுமென்றே அப்படி ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டிருந்தான். மாமாவுக்கு அது தொந்தரவு இல்லை. திரும்பிப் பார்க்காமலே பையன் பின்னால் வருகிறான் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அவனுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்தது. இருபது மாடி, முப்பது மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பார்க்கிற வேலை. சைக்கிளை விற்றுவிட்டு பஸ் ஏறினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அக்கா சமைத்தாள், துவைத்தாள், தினமும் ராத்திரி போனில் தம்பியோடு பேசினாள். ஆனால் சிரிப்பு என்ற ஒன்று அவள் முகத்தில் இல்லை. மாமாவுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"தனியாவா?"

காது கேட்காதது போல் இன்னொரு ஷூவைக் கட்டினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். தனியாவா போறீங்க?"

"கோபுரம் வரைக்கும்தான். போனேன் வந்தேன்னு வந்துடறேன்."

"அவன் இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்."

"நீ தாழ் போட்டுட்டுப் படு."

"நீங்க வர்ற வரைக்கும் எனக்கு எங்க தூக்கம் வரப் போகுது..."

இது வழக்கமான பேச்சுதான். அவர் கிளம்பிவிட்டார்.

இனிமேல் சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாதை ஒரு ஆள் போகிற அகலம்தான். எதிரே யாராவது ஏறி வந்தால் இறங்குகிறவன் ஓரம் கட்டி வழி விட வேண்டும். விடும்போது தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர், ஒருத்தர், அல்லது நான்தான் கடைசி. அதைக் கேட்டுத்தான் ஏறுகிறவர் நிற்பதா போவதா என்று முடிவு செய்வார். சொல்லாமல் விட்டால் திருப்பத்தில் நேருக்கு நேர் மோதிக்கொள்ள வேண்டியதுதான். அதேபோல, பாதை பிரிகிற இடம் வந்தால் முன்னால் போகிறவன் நின்று, பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஓட்ட ஓட்ட உடம்பில் ஊறிப்போகிற பழக்கம்.

மாமாவுக்கு ஊறிப்போயிருந்தது.

மேலே ஏறியாயிற்று. கோபுரத்தின் அடியில் தண்ணீர் குடித்தாயிற்று. இறங்க ஆரம்பித்து, பெரிய பாறையைச் சுற்றி வருகிற திருப்பத்தைத் தாண்டியதும்... தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு முன்சக்கரம் தெரிந்தது. யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். விளக்கு இல்லை. அந்த இருட்டில், அந்த மேட்டில், விளக்கே இல்லாமல்.

மாமா பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினார். ஒரு காலைக் கீழே ஊன்றினார். பிரேக் தகடு சூடேறின வாசனை மூக்கில் ஏறியது. அதோடு இன்னொரு வாசனையும். ஈரத்துணியைக் குவித்துப் போட்டுப் பூட்டி வைத்த அறையை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் வருமே... அது.

வந்த ஆளுக்கு மூச்சு வாங்கவில்லை. அந்த மேட்டில் ஏறினால் பயில்வானுக்கும் நாக்குத் தள்ளும். மாமா அதை அப்போது கவனிக்கவில்லை. அவர் கவனித்தது வேறு ஒன்றை. அந்த ஆள் கண்ணாடி போட்டிருந்தார். விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிறது... ஆனால் கண்ணாடி மின்னவே இல்லை. எத்தனையோ ஆயிரம் முகத்துக்கு மாட்டிப் பார்த்தவர் மாமா. வெளிச்சம் பட்டும் மின்னாத லென்ஸை அவர் பார்த்ததே கிடையாது. லென்ஸ் விழுந்துவிட்டது போலிருக்கிறது, வெறும் பிரேமோடு பாவம் எப்படி ஓட்டுகிறார் என்றுதான் நினைத்தார். தொழில் புத்தி. கடைக்கு வாங்க, மாட்டித் தர்றேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அந்த ஆள் கேட்டுவிட்டார். ரொம்பப் பதவிசான குரல்.

"பின்னால யாராச்சும் வர்றாங்களா?"

"ஒருத்தன் வர்றான்," என்றார் மாமா.

யோசித்துச் சொன்னதல்ல. வருஷக்கணக்காக இதே பாதையில் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். மூளைக்குப் போகாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்ப நிக்கறேன். வரட்டும்," என்றார் அந்த ஆள்.

சைக்கிளை மரத்தோரமாகத் தள்ளி நிறுத்தினார். மேலே பார்த்தபடி நின்றுகொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் எப்படி நிற்பார், அப்படி.

மாமா கிளம்பி அடுத்த வளைவு வரை வந்துவிட்டார். அங்கேதான் உறைத்தது. ஐயோ, பின்னால் யாருமே இல்லையே... அந்த மனுஷன் விடிய விடிய நிற்கப் போகிறாரே. சைக்கிளை நிறுத்தி, திரும்பி, மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, யாரும் வரலை. பழக்கதோஷத்துல சொல்லிட்டேன். நீங்க போங்க."

பதில் இல்லை.

"அண்ணே..."

பதில் இல்லை. இலைகூட அசையவில்லை. சரி, போயிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினார். தன்னை நினைத்துத் தானே கொஞ்சம் சிரித்துக்கொண்டாராம். மச்சினன் ஊரைவிட்டுப் போய் இத்தனை மாசமாகியும் இந்த வாய் அவனை விடமாட்டேன் என்கிறதே என்று. சிரித்த பிறகு துக்கமாகவும் இருந்தது.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் மூடிப்போன கல் குவாரிக்கு. வலது பக்கம் ஊருக்கு. பிரிவுக்கு வந்தார். நின்றார். ஒரு கால் கீழே. கை பிரேக்கில். தலையைச் சாய்த்து மேலே காது கொடுத்தார்.

நின்றுகொண்டே இருந்தார்...

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. வேர்வை ஆறி முதுகில் சட்டை குளிர்ந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. யாருக்காக நிற்கிறோம்? பின்னால் வருகிறவன் கண்ணில் படாமல் பிரிவைத் தாண்டக் கூடாது என்று உடம்பு தானாக நின்றிருக்கிறது. பின்னால்தான் ஒருவரும் இல்லையே. போதும், இந்தக் கூத்து என்று பெடலில் காலை வைத்தார்.

அப்போது மேலே கேட்டது.

டிக்டிக்டிக்டிக்டிக்...

தூரத்தில். மரங்களுக்கு நடுவே. திருப்பங்களில் குறைந்து, நேர் பாதையில் கூடி... மாமாவுக்கு அந்தச் சத்தத்தை யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. விற்றுப்போன சைக்கிளின் சத்தம். வாங்கினவன் எந்த ஊர்க்காரன் என்றுகூட இவருக்குத் தெரியாது.

பாறைத் திருப்பம் பக்கத்தில் வந்ததும் டிக்டிக் நின்றது. பேச்சுக் குரல் கேட்டது. ராத்திரியில் மலையில் சத்தம் எப்படி இறங்கி வரும் தெரியுமா... பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல.

"பின்னால யாராச்சும் வர்றாங்களா?"

அதே பதவிசான குரல். யாரோ பேசுவதற்கு முன்னால் நாக்கைப் புரட்டிப் பார்ப்பது போல ஒரு ஈரச் சத்தம். பிறகு பதில்.

"இல்லண்ணே. நான்தான் கடைசி. மாமா முன்னால போறாரு."

மச்சினனின் குரல்.

"போ, போ. கீழ உனக்காகத்தான் நிக்கறாரு."

டிக்டிக் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை வேகமாக.

வலது பாதையில் விட்டார் பாருங்கள் சைக்கிளை... பிரேக் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். வேர், கல், பள்ளம் எல்லாவற்றின் மேலும் சக்கரம் தாவியது. கிளை ஒன்று கன்னத்தைக் கிழித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

ஏனென்றால் அவர் நிழல் அவருக்கு முன்னால் விழுந்தது.

தலையில் விளக்கு வைத்துக்கொண்டு இருட்டில் போகிறவனுக்குத் தன் நிழலே தெரியாது. வெளிச்சம் அவனிடமிருந்துதான் போகிறது. நிழல் முன்னால் விழ வேண்டுமென்றால் பின்னால் இன்னொரு விளக்கு வர வேண்டும். மாமாவின் நிழல், ஹெல்மெட், தோள், தொந்தி எல்லாமாக, பாதையின் மேல் நீளமாகக் கிடந்து ஆடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. விளக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாமா... மெதுவா போங்க மாமா..."

இறக்கத்தில் மச்சினன் எப்போதும் சொல்கிற வார்த்தை. அதே கெஞ்சல், அதே செல்லம். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கு ஒரு கணம் நின்றுவிடலாமா என்று தோன்றியதாம். பயத்தை விட அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று சொன்னார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தார்ச் சாலைக்கு வந்து விழுந்தார். முதல் தெருவிளக்கு. அதன் அடியில் போனதும்தான் திரும்பினார். காடு கறுப்பாக நின்றது. பாதை வாய் தெரிந்தது. விளக்கு இல்லை. சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்தது... எடுத்தான்.

"மாமா? என்ன மாமா இந்நேரத்துல?"

"டேய், நீ எங்கடா இருக்க?"

"ரூம்லதான் மாமா. தூங்கிட்டிருந்தேன். ஏன்? அக்காவுக்கு ஏதாவது..."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீ ரூம்லதான இருக்க? சத்தியமா?"

"சத்தியமா மாமா. என்ன ஆச்சு உங்களுக்கு?"

மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைத் தாறுமாறாகச் சொன்னார். மச்சினன் கேலி செய்யவில்லை. அக்கா பேச்சைக் கேட்காமல் தனியாகப் போனீர்களா என்று அதட்டவும் இல்லை. போனை வைக்காதீர்கள், வீடு போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே இருங்கள் என்றான். ஸ்பீக்கரில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாமா மிதித்தார். காலி சாலை. இரண்டு பக்கமும் ஷட்டர் போட்ட கடைகள்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் கேட்டான்.

"மாமா... கூட யாரு வர்றது?"

"யாரும் இல்லையேடா."

"பின்னால ஒரு வண்டி சத்தம் கேக்குதே. என்னோட பழைய வண்டி மாதிரியே இருக்கு."

மாமாவின் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. போனுக்கு மட்டும் கேட்கிறது.

அப்போதுதான் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அவள் தனியாக இருக்கிறாள். தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், இதை அவள் இருக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நினைத்தார். வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் நேராகப் போனார். பஸ் டெப்போவைச் சுற்றினார். மார்க்கெட்டின் பின்சந்தில் நுழைந்து முன்பக்கம் வந்தார். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி இரண்டு சுற்று. தெருநாய்கள் குலைத்துக்கொண்டு வந்தன. பக்கத்தில் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டன.

"இப்ப கேக்குதாடா?"

"கேக்குது மாமா."

இன்னும் ஒரு சுற்று.

"இப்ப?"

"இல்ல மாமா... நின்னுடுச்சு. இப்ப ஒண்ணும் கேக்கலை."

பகல் மாதிரி விளக்கெரிகிற பெட்ரோல் பங்க் ஒன்று இருந்தது. மாமா அதற்குள் போய் நின்றார். ஒரு பம்பில் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆளை எழுப்பினார்.

"தம்பி, எனக்குப் பின்னால யாராவது வந்தாங்களா?"

அவன் சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான்.

"இல்லையே சார். நீங்க மட்டும்தான் வந்தீங்க. கன்னத்துல ரத்தம் வருது பாருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழாயில் முகம் கழுவினார். மச்சினனிடம் ஒருவழியாகச் சிரித்துக்கூடப் பேசினார். இனிமேல் சைக்கிளைத் தொட்டால் என்னைச் செருப்பால் அடி என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினதும் சொல்லுங்கள், அப்புறம்தான் வைப்பேன் என்றான் மச்சினன்.

வீடு வந்தது. முன்னறையில் விளக்கு எரிந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே காலடிச் சத்தம். கதவு திறந்தது. அவள் முகத்தில் கோபம் தயாராக இருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டிப் பார்த்தாள்.

அந்த முகம் மலர்ந்ததை மாமா கண்ணால் பார்த்தார். இத்தனை மாசமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முழுசாகத் திரும்பி வந்தது.

"டேய்... எப்படா வந்த? ஒரு வார்த்தை சொல்லலையே."

சட்டைப் பையிலிருந்து போன் பேசியது. "மாமா? அக்கா யாரைச் சொல்றா?"

அவள் அவரை விலக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். இருட்டில் கையை நீட்டினாள். எதையோ பிடித்துக்கொண்டாள்.

"கை ஏன்டா இப்படி ஜில்லுனு இருக்கு? வா, உள்ள வா."

"இப்பத்தான்க்கா வந்தேன்," என்றது மச்சினனின் குரல். "மாமாவோட பின்னாலயே வந்துட்டேன்."

போனில் இருந்தவன் அதைக் கேட்டான். தன் குரலைத் தானே கேட்டான். போனை வைத்துவிட்டு, பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு, கிடைத்த ராத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

மாமா அன்று ராத்திரி படுக்கையறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னறையில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் மச்சினனேதான். நெற்றித் தழும்பு, தலையைக் கோதுகிற பழக்கம், ஒரு காலை மடக்கி உட்காருகிற விதம் எல்லாம் அச்சு அசல். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவன் தம்ளரை வாயருகே பிடித்தபடி ரொம்ப நேரம் பேசினான். டீயிலிருந்து ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மூக்குக்கு நேரே போயும் அது கலையவே இல்லை.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ன சொல்வது? அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசுக் கதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவனும் மீதியைச் சரியாகச் சொன்னான். நடுநடுவே அவன் திரும்பி மாமா இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டான். ரொம்ப மரியாதையாகத்தான் பார்த்தான்.

விடிந்து வெயில் ஏறின பிறகு வாசல் மணி அடித்தது.

அக்காதான் போய்த் திறந்தாள். வாசலில் தம்பி நின்றான். கசங்கின சட்டை, கையில் பை, ராத்திரி பூராவும் தூங்காத கண். அக்காவை உயிரோடு பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

"அக்கா," என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?"

"அக்கா... நான்தான்க்கா."

"வீடு மாத்தி வந்துட்டீங்கன்னு நினைக்கறேன்." கொஞ்சம் பின்வாங்கி உள்ளே திரும்பினாள். "என்னங்க, இங்க வாங்களேன். யாரோ வந்திருக்காரு."

மாமா வந்தார். வாசலில் நின்ற மச்சினனைப் பார்த்தார். அவன் கண்ணில் கண்ணீர் கட்டி நின்றது. "மாமா, நீங்களாவது சொல்லுங்க மாமா," என்றான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். இவன்தான்டி உன் தம்பி. மாமா வாயைத் திறந்தார்.

அப்போது உள்ளேயிருந்து வந்து ஒரு கை அவள் தோளில் உட்கார்ந்தது. தம்பி அக்காள் தோளில் கை போடுவது போலத்தான். கட்டைவிரல் மட்டும் அவள் கழுத்து நரம்பின் மேல் மெதுவாகப் போய்வந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாலிருந்தவன் மாமாவையே பார்த்தான். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான்.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும்.

"நம்ம கடைக்கு வர்றவருதான்," என்றார். குரல் அவருடையது போலவே இல்லையாம். "கண்ணாடி விஷயமா வந்திருக்காரு. தம்பி, வீட்டுக்கெல்லாம் வரக் கூடாது. கடைக்கு வாங்க... பேசிக்கலாம்."

மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அக்காவின் தோளைப் பார்த்தான். அதற்குப் பின்னால் நின்ற தன் முகத்தைப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

மாமா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அக்கா ஜன்னலோரம் போய் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் பார்த்தாள்.

"பாவங்க," என்றாள். "யாரு பெத்த பிள்ளையோ... அழுதுட்டே போகுது."

அவள் பக்கத்தில் நின்றவனும் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

"ஆமாக்கா," என்றான். "பாவம்."